அரிக்கமேடு முதல் தவளக்குப்பம் வரை: பண்பாட்டு மரபுரிமைப் பாதுகாப்பில் பட்டியல், எல்லை, பதிவேடு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நாட்டின் பண்பாட்டு மரபுரிமையைக் காக்கும் சட்டங்களும் நிறுவனங்களும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. அரிக்கமேட்டின் அகழாய்வு வரலாறு, 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், கோயில் நிருவாகச் சட்டங்கள், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பு ஆகியவை எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பெயரிடப்பட்டு, எல்லை வகுக்கப்பட்டு, பதிவு செய்யப்பட்ட பொருளையே சட்டம் காக்க வல்லது. ஆதலின் ஆவணப்படுத்தலே பாதுகாப்பின் முதற்படி என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்

மரபுரிமை, அரிக்கமேடு, தவளக்குப்பம், தொல்லியல் சட்டம், தொல்பொருள், கோயிற் படிமங்கள், ஆவணப்படுத்தல், புதுச்சேரி.

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், அரியாங்குப்பத்தைக் கடந்து சுண்ணாம்பாற்றுக்குத் தெற்கே அமைந்த ஊர் தவளக்குப்பம். இவ்வூருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் வளைவில், காக்காயன்தோப்பை ஒட்டி அரிக்கமேடு உள்ளது. கிழக்கே நல்லவாடு என்னும் கடற்கரை ஊர். மேற்கே அபிஷேகப்பாக்கத்தைக் கடந்தால் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிங்கிரிகுடி. தென்மேற்கே பாகூர். இச்சிறு நிலப்பரப்புக்குள் ஒன்றிய அரசின் பாதுகாப்பில் உள்ள தொல்லிடம், மாநில அறநிலையச் சட்டத்தின்கீழ் இயங்கும் கோயில்கள், எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஊர்க்கோயில்கள், உழுநிலத்திற்கடியில் கிடக்கும் மட்கலச் சிதறல்கள் எனப் பலதரப்பட்ட மரபுரிமைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

இவை அனைத்தும் ஒரே வரலாற்றின் கூறுகள். எனினும் சட்டத்தின் பார்வையில் இவை வெவ்வேறு நிலையின. ஒன்றைச் சேதப்படுத்தினால் சிறைத் தண்டனை உண்டு. மற்றொன்றை அகற்றினால் கேட்பாரில்லை. இவ்வேறுபாட்டை அப்பொருளின் தொன்மையோ அழகோ தீர்மானிப்பதில்லை. அது எந்தப் பட்டியலில் உள்ளது, எந்த எல்லைக்குள் அமைகிறது, எந்தப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது என்ற மூன்று வினாக்களே தீர்மானிக்கின்றன. இம்மூன்றையும் வரிசையாக விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டத்திற்கு முந்தைய அரிக்கமேடு

வீராம்பட்டினத்தை அடுத்த ஆற்றங்கரையில் ஊரார் பழஞ்செங்கற்களை எடுத்துச் செல்கின்றனர் என்ற செய்தி 1734ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நிருவாகக் கடிதத்தில் பதிவாகியுள்ளது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வானியல் ஆய்வுக்காக வந்த லெ ழாந்தீல் இவ்விடிபாடுகளைக் குறித்தெழுதினார். அதன்பின் நெடுங்காலம் இவ்விடம் ஆய்வாளர் கவனத்தைப் பெறவில்லை. 1937ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் ஊர்ச்சிறுவர்களிடமிருந்து மணிகளைப் பெற்றும், தாமே மேற்பரப்பில் திரட்டியும் அரிக்கமேட்டின் சிறப்பை உணர்ந்தார். உரோமானியத் தலையுருவம் பொறித்த கல்லொன்று அவருக்குக் கிடைத்ததும் இவ்விடத்தின் அயலகத் தொடர்பு விவாதத்திற்கு வந்தது.

1940களின் தொடக்கத்தில் தொல்லியற் பயிற்சி பெறாதோர் அங்கே குழிகள் தோண்டினர். கிடைத்தவற்றுள் சில இந்திய அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. சில ஹனோயிலிருந்த பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப்பள்ளிக்கு அனுப்பப்பட்டன. பிரித்தானிய இந்தியாவில் 1904ஆம் ஆண்டிலிருந்தே தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தது. புதுச்சேரியோ பிரெஞ்சு ஆட்சிப்பகுதி. எனவே அச்சட்டம் சில கல் தொலைவிலுள்ள கடலூர்ப் பகுதிக்குப் பொருந்தியது, அரிக்கமேட்டிற்குப் பொருந்தவில்லை.

இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் 1945ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிருவாகத்தின் இசைவுடன் இங்கு அகழ்ந்தார். மண்ணடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்தறியும் முறையைக் கையாண்ட அவர், இத்தாலியின் அரெட்டைன் மட்கலங்களும் ஆம்போரா சாடிகளும் கிடைத்த அடுக்குகளைக் கொண்டு, அவற்றுடன் கிடைத்த உள்நாட்டு மட்கலங்களுக்கும் காலம் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான காலவரையறைப் புள்ளியொன்று இவ்வாறு கிடைத்தது. 1947 முதல் 1950 வரை ழான் மரி கசால் தொடர்ந்து அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவினர் நடத்திய ஆய்வு, உரோமானிய வணிகத்திற்கு முன்பே இங்கு உள்நாட்டுக் குடியிருப்பு இருந்ததை வெளிக்கொணர்ந்து, வீலரின் முடிவுகளைத் திருத்தியது.

இவ்வரலாறு உணர்த்தும் செய்தி ஒன்றுண்டு. ஆம்போராத் துண்டு தன்னளவில் உடைந்த சாடியின் பகுதியே. எந்த அடுக்கில், எதனுடன் சேர்ந்து கிடந்தது என்னும் தகவலே அதனைச் சான்றாக்குகிறது. செங்கல்லுக்காகத் தோண்டியவர்களும், ஆர்வத்தால் குழி பறித்தவர்களும் பொருள்களை மட்டும் அகற்றவில்லை. அவற்றின் சூழமைவையும் அழித்துவிட்டனர். பெக்லி குழுவினரால் பின்னாளில் திருத்தம் செய்ய முடிந்ததற்குக் காரணம், தோண்டப்படாத மண் எஞ்சியிருந்ததே. மரபுரிமைச் சட்டம் எதைக் காக்கவேண்டும் என்ற வினாவுக்கு அரிக்கமேடு தரும் விடை இது.

அதிகாரப் பகிர்வு

புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவுற்றது. அதன்பின் 1963ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஒன்றின் வாயிலாக ஒன்றியச் சட்டங்கள் பல இப்பகுதிக்கு நீட்டிக்கப்பட்டன. அதே ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் சட்டம், புதுச்சேரிச் சட்டப்பேரவைக்கு மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல் ஆகியவற்றின் பொருள்களில் சட்டமியற்றும் அதிகாரத்தை வழங்கியது.

அரசமைப்பின் ஏழாம் அட்டவணை மரபுரிமையை மூன்றாகப் பகுக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்ட சின்னங்களும் தொல்லிடங்களும் ஒன்றியப் பட்டியலின் 67ஆம் பதிவில் அடங்கும். அவ்வாறு அறிவிக்கப்படாத வரலாற்றுச் சின்னங்கள் மாநிலப் பட்டியலின் 12ஆம் பதிவிலும், அறிவிக்கப்படாத தொல்லிடங்கள் பொதுப்பட்டியலின் 40ஆம் பதிவிலும் உள்ளன. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைச் சேதம், சிதைவு, அகற்றல், ஏற்றுமதி ஆகியவற்றிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது உறுப்பு 49. நாட்டின் கூட்டுப் பண்பாட்டு மரபை மதித்துப் பேணுவது குடிமகனின் அடிப்படைக் கடமை என்கிறது உறுப்பு 51அ.

இப்பகுப்பில் கவனிக்கத்தக்கது ‘அறிவிக்கப்பட்ட’ என்னும் சொல். ஒரு சின்னம் ஒன்றியத்தின் பொறுப்பா, மாநிலத்தின் பொறுப்பா என்பதை முடிவுசெய்வது அரசிதழ் அறிவிக்கையே. அறிவிக்கை இல்லாதபோது பொறுப்பு மாநிலத்தைச் சாரும். மாநிலமும் தன் பட்டியலில் சேர்க்காதபோது, பொறுப்பு எழுத்தளவில் இருந்தாலும் செயலாற்றும் அதிகாரி ஒருவரும் இரார்.

முதல் வினா: பட்டியல்

1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லிடங்கள், எச்சங்கள் சட்டம், குறைந்தது 100 ஆண்டுகள் நிலைபெற்றவற்றைத் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஒன்றை அறிவிக்க விரும்பும் ஒன்றிய அரசு, இரண்டு மாத முன்னறிவிப்பை அரசிதழில் வெளியிட்டு, அதன் படியைச் சின்னத்தின் அருகே எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டவேண்டும். அக்காலத்திற்குள் எவரும் மறுப்புரை தரலாம். மறுப்புகளை ஆராய்ந்தபின் இறுதி அறிவிக்கை வெளியாகும். இந்தியா முழுவதும் 3,600க்கும் மேற்பட்ட சின்னங்களும் இடங்களும் இவ்வாறு ஒன்றியப் பட்டியலில் உள்ளன.

புதுச்சேரிப் பகுதியில் அரிக்கமேடு, பாகூர் மூலநாதர் கோயில், திருவாண்டார்கோயில் பஞ்சநதீசுவரர் கோயில், திருபுவனை வரதராசப் பெருமாள் கோயில், மதகடிப்பட்டுக் குண்டாங்குழி மகாதேவர் கோயில் ஆகியன இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பெரும்பாலானவை சோழர்காலக் கற்றளிகள். கல்வெட்டுச் செல்வமும் சிற்ப நேர்த்தியும் உடையவை என்பதால் அவை பட்டியலில் இடம்பெற்றதில் வியப்பில்லை.

பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதுமானதாகாது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை இதனை வெளிப்படுத்தியது. தணிக்கையாளரும் தொல்லியல் துறையினரும் இணைந்து நேரிற் பார்வையிட்ட 1,655 சின்னங்களுள் 92 காணப்படவில்லை என்று அவ்வறிக்கை கூறியது. அவற்றுட் பல பின்னர்த் துறையினரால் கண்டறியப்பட்டன. எனினும் நகர விரிவாக்கத்தில் மறைந்துபோனவையும் இருந்தன. பெயர் பட்டியலில் நின்றது. இருப்பிடமும் அளவும் நிலையும் முறையாகப் பதிவாகாததால் சின்னம் மறைந்ததை அறியவே பல்லாண்டுகள் ஆயின.

இரண்டாம் வினா: எல்லை

அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் நில உரிமையாளர் உட்பட எவரும் ஒன்றிய அரசின் இசைவின்றிக் கட்டடம் கட்டவோ, சுரங்கம் தோண்டவோ, கல்லுடைக்கவோ கூடாது என 1958 சட்டத்தின் 19ஆம் பிரிவு விதிக்கிறது. அப்பிரிவில் வேளாண்மைக்கு விலக்கு ஒன்று உண்டு: மேற்பரப்பிலிருந்து ஓரடிக்கு மேல் மண்ணைக் கிளறாத பயிர்த்தொழிலுக்குத் தடையில்லை. மரபான உழவு இவ்வரம்புக்குள் அமையும். ஆழ்ந்து பிளக்கும் இயந்திரக் கலப்பையும், தென்னங்கன்றுக்கு எடுக்கும் குழியும் அதனை எளிதில் மீறும். ஓரடி என்பது சிறிய அளவாகத் தோன்றினாலும், அரிக்கமேடு போன்ற இடத்தில் மட்கலங்கள் கிடக்கும் அடுக்கிற்கும் கலப்பைக்கும் இடையிலான காப்பு அதுவே.

சின்னத்தைச் சுற்றியுள்ள நிலமும் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. 1992 ஜூன் 16 அன்று வெளியான அறிவிக்கை, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுத்தது. 2010ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதனைச் சட்டத்தின் உடலிலேயே சேர்த்தது. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தையும் நிறுவியது. தடைசெய்யப்பட்ட பகுதியில் புதிய கட்டடம் எழுப்ப இயலாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்கத் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் விண்ணப்பித்து இசைவு பெறலாம். ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் கட்டுவதற்கும் இத்தகைய இசைவு தேவை. ஒவ்வொரு சின்னத்திற்கும் தனித்தனியே மரபுரிமைத் துணைவிதிகள் வகுக்கப்படவேண்டும் என்பதும் இத்திருத்தத்தின் கூறு. விதிமீறலுக்கு இரண்டாண்டு வரை சிறை, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இவ்வொழுங்கு ஊரகத்தில் இருவகை இடர்ப்பாடுகளைத் தோற்றுவிக்கிறது. முதலாவது, வாழ்வோரின் இடர். பாகூரிலும் திருபுவனையிலும் கோயிலைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. தேரோடும் வீதிகளும் மனைகளும் 100 மீட்டருக்குள் அடங்கும். கூரைவீட்டை மாடிவீடாக்க நினைக்கும் குடும்பத்திற்குக் கோயில் தன் ஊரின் பெருமையாகத் தோன்றுவதற்கு முன் தடையாகத் தோன்றுவது இயல்பு. மனை வாங்குவோர் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பார்க்கின்றனர். நூறு மீட்டர்க் கோடு அவ்வாவணங்களில் கண்ணுக்குத் தெரியும்படி குறிக்கப்பட்டிருந்தால், பின்னர் எழும் வழக்குகளும் மனக்கசப்பும் பெரிதும் குறையும்.

இரண்டாவது, கோட்டுக்கு வெளியே உள்ளவற்றின் இடர். கற்றளிக்குச் சுவர் உண்டு. அதிலிருந்து அளந்து கோடு வரையலாம். மண்ணுக்கடியில் பரந்துகிடக்கும் வாழ்விடத்திற்கும் ஈமக்காட்டிற்கும் அத்தகைய விளிம்பு இல்லை. கசால் தம்பதியர் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அரிக்கமேட்டுடன் முத்திரப்பாளையம், சுத்துக்கேணி ஆகிய இடங்களின் ஈமச்சின்னங்களையும் ஆராய்ந்தது. ஊரும் துறைமுகமும் இடுகாடும் ஒரே சமூக வாழ்வின் பகுதிகள் என்பதை அந்நூலின் அமைப்பே காட்டுகிறது. சட்டம் வகுக்கும் வட்டமோ இவற்றை ஒன்றிணைத்துக் காண்பதில்லை. ஆற்றின் போக்கு கரையை அரித்துச் செல்வதையும் அறிவிக்கையால் தடுக்க இயலாது. அதற்குப் பொறியியல் பணியும் துறைகளின் ஒத்துழைப்பும் வேண்டும்.

பிறநாட்டு நடைமுறைகள் இங்கு ஒப்பிடத்தக்கவை. பிரான்சில் 1913ஆம் ஆண்டின் சட்டமும் 1943ஆம் ஆண்டின் திருத்தமும் வரலாற்றுச் சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் ஆரத்தில், அதனுடன் ஒருங்கே கண்ணுக்குப் புலனாகும் கட்டடங்களை அரசுக் கட்டடக்கலைஞரின் கருத்துரைக்கு உட்படுத்தின. பரப்பு பெரிது, ஆயினும் முழுத்தடைக்கு மாறாக, ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்து ஆராயும் முறை அது. 2016ஆம் ஆண்டின் சட்டம் சின்னத்தின் இயல்புக்கேற்ப எல்லையை வகுக்க வழிசெய்தது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச்சட்டம், மண்ணில் மறைந்து கண்டறியப்படாதிருக்கும் தொல்பொருள்களை அரசின் உடைமையாக்கியது. 1998ஆம் ஆண்டின் திருத்தம், வளர்ச்சித் திட்டங்களுக்கு முன் நிலத்தில் தொல்லியல் மதிப்பீடு செய்வதற்கு இடமளித்தது. இந்தியாவின் 1958 சட்டத்தில், பாதுகாக்கப்பட்ட இடங்களின் எல்லைகளுக்கு வெளியே அமையும் மனைப்பிரிவுகளுக்கும் சாலைகளுக்கும் இத்தகைய பொதுவான கட்டாயம் இல்லை. கடலூர்ச் சாலையின் இருமருங்கும் வயல்கள் மனைகளாகும் தவளக்குப்பம் போன்ற ஊர்களுக்கு இக்குறை நேரடியாகப் பொருந்துகிறது.

மூன்றாம் வினா: பதிவேடு

அசையாச் சின்னத்திற்கு எல்லை எவ்வாறோ, அசையும் பொருளுக்குப் பதிவேடு அவ்வாறு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்றது. அச்சட்டத்தின் நோக்கு உடைமை பற்றியது. பொருள் கிடந்த சூழமைவைப் பற்றியதன்று. 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக்கருவூலங்கள் சட்டம் வேறு நோக்குடையது. 100 ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம், நாணயம், கல்வெட்டு முதலியனவும், 75 ஆண்டு கடந்த, அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளும் ஆவணங்களும் அதன்படி தொல்பொருள்கள். ஒன்றிய அரசோ அது இசைவளித்த முகமையோ அன்றிப் பிறர் இவற்றை வெளிநாட்டிற்கு அனுப்பக்கூடாது. அறிவிக்கப்பட்ட வகைகளைச் சேர்ந்த தொல்பொருளை வைத்திருப்போர் அதனை ஒளிப்படத்துடன் பதிவு செய்யவேண்டும்.

பன்னாட்டு நிலையிலும் பதிவேடே அடிப்படை. பண்பாட்டுச் சொத்துகளின் முறையற்ற கடத்தலைத் தடுக்கும் யுனெசுகோவின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1977ஆம் ஆண்டில் ஏற்றது. அதன் 5ஆம் உறுப்பு ஒவ்வொரு நாடும் தேசியப் பதிவேட்டைப் பேண வலியுறுத்துகிறது. அருங்காட்சியகத்திலிருந்தோ சமய நினைவுச்சின்னத்திலிருந்தோ திருடப்பட்ட பொருளை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் 7ஆம் உறுப்பு, அப்பொருள் அந்நிறுவனத்தின் பட்டியலைச் சேர்ந்தது என ஆவணப்படுத்தப்பட்டிருக்கவேண்டும் என்னும் நிபந்தனையை இணைக்கிறது. பதிவில்லாப் பொருளை இழந்த நாடு, அதனைக் கோருமுன் அது தன்னுடையதே என மெய்ப்பிக்கும் சுமையை ஏற்கவேண்டியுள்ளது.

இச்சுமையின் அளவை இரு வழக்குகள் தெளிவாக்கும். 1976ஆம் ஆண்டில் பழைய தஞ்சை மாவட்டத்தின் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் படிமம் இலண்டனைச் சென்றடைந்து, 1982ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காவல்துறையால் கைப்பற்றப்பட்டது. புதையுண்டு கிடந்த படிமம் ஆதலின் பழைய ஒளிப்படமோ பதிவோ இல்லை. உலோகம், மண், கலைப்பாணி முதலியன குறித்த நிபுணர் சான்றுகளைக் கொண்டே, அதே இடத்தில் கிடைத்த பிற படிமங்களுடன் அதற்குள்ள உறவு நிறுவப்பட்டது. கோயிலே வழக்குத் தொடுக்கும் தகுதியுடைய சட்ட ஆள் என்பதை ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1991ஆம் ஆண்டில் மேல்முறையீடு முடிந்து படிமம் நாடு திரும்பியது. கைப்பற்றியதிலிருந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் படிமத்தின் வரலாறு வேறு. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ஆம் ஆண்டில் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து அதனை வாங்கியது. உடன்வந்த உடைமைச் சான்றுகள் போலியானவை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில், அப்படிமம் கோயிலில் இருந்தபோது எடுத்த ஒளிப்படம் இருந்தது. தேய்வும் தழும்பும் ஒத்துப்போனபின் மறுப்புக்கு இடமில்லாது போயிற்று. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிற்பமும் அதே தொகுப்பின் துணையால் அடையாளம் காணப்பட்டது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் இரண்டையும் இந்தியாவிடம் ஒப்படைத்தார். தமிழ்நாடு காவல்துறையின் சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. அதன் புலனாய்வுகளில் இத்தொகுப்பு தொடர்ந்து பயன்பட்டு வந்துள்ளது.

பிரெஞ்சு ஆட்சி விலகிய மறு ஆண்டு, 1955இல், இந்நிறுவனம் தொடங்கப்பட்டது. கோயிற்கலையையும் படிமவியலையும் ஆராய்வதற்காக ஊர்தோறும் சென்று எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் ஓர் இலட்சத்தைத் தாண்டும். அவற்றை எடுத்தவர்களின் நோக்கம் ஆய்வு. அரை நூற்றாண்டின்பின் அவை நீதிமன்றச் சான்றாயின. இந்நிறுவனத்திலும் பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப்பள்ளியின் புதுச்சேரி மையத்திலும் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005ஆம் ஆண்டில் யுனெசுகோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றதும் இத்தகைய நெடுங்காலப் பணியின் விளைவே.

கோயில் நிருவாகமும் மாநில எல்லையும்

ஊரகப் படிமங்களிற் பெரும்பாலானவை வழிபாட்டில் உள்ளவை. அவற்றின் அன்றாடப் பாதுகாப்பு தொல்லியல் துறையிடம் இல்லை. கோயில் நிருவாகத்திடம் உள்ளது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் இந்து சமய, அறநிலையக் கொடைகள் சட்டமும், புதுச்சேரியில் 1972ஆம் ஆண்டின் இந்து சமய நிறுவனங்கள் சட்டமும் இதனை ஒழுங்குபடுத்துகின்றன. தமிழ்நாட்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கோயிலின் நிலம், நகை, பாத்திரம், படிமம் ஆகியவற்றின் விவரங்கள் அடங்கிய பதிவேட்டைப் பேணுமாறு பணிக்கிறது.

புதுச்சேரியின் நிலம் தமிழ்நாட்டுடன் துண்டு துண்டாகப் பின்னிக்கிடப்பது. தவளக்குப்பத்திலிருந்து மேற்கே செல்பவர் அபிஷேகப்பாக்கம் வரை ஒரு சட்டத்தின்கீழும், சிங்கிரிகுடி நரசிம்மர் கோயிலில் மற்றொரு சட்டத்தின்கீழும் நிற்கிறார். வழிபடுவோருக்கு இவ்வெல்லை பொருட்டன்று. திருவிழாக் காலத்தில் இரு பகுதியினரும் ஒன்றுகூடுகின்றனர். திருடிய பொருளைக் கடத்துவோருக்கு இவ்வெல்லை வசதியாகக்கூடும். பதிவேடு ஒரு துறையிலும், காவல் விசாரணை மற்றொரு நிருவாகத்திலும் அமையும்போது, இருபுறமும் ஒரே வடிவிலான ஆவணம் இருந்தாலன்றி விரைந்து செயலாற்ற இயலாது.

பட்டியலுக்கு வெளியே

ஆவணம் பொருளைக் காப்பதோடு, பொருள் மறைந்தபின் வரலாற்றையும் காக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடு, அவ்வூர்க் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. முதலாம் இராசாதிராசன் காலத்துத் திருபுவனைக் கல்வெட்டு, அங்கிருந்த கல்லூரியின் ஆசிரியர், மாணவர் எண்ணிக்கையையும் அவர்களுக்கான நெல்லளவையும் பதிவுசெய்கிறது. இவ்வூர்களின் கல்வி வரலாற்றை இன்று அறியச் செய்பவை அச்செப்பேடும் கல்வெட்டுமே. பாகூர் குப்புசாமி தொகுத்து, கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டுத் தொகுதிகள் 2006, 2010ஆம் ஆண்டுகளில் வெளியாயின. திருப்பணியின்போது சுவர் பிரிக்கப்பட்டாலும், மணல்வீச்சால் எழுத்துத் தேய்ந்தாலும், படியெடுத்த வாசகம் எஞ்சும். ஊரைச் சேர்ந்த ஒருவரின் உழைப்பும் ஆய்வு நிறுவனங்களின் பதிப்பு நெறியும் இணைந்ததால் விளைந்த பயன் இது.

ஒன்றிய அரசு 2007ஆம் ஆண்டில் தொடங்கிய நினைவுச்சின்னங்கள், தொல்பொருள்களுக்கான தேசிய இயக்கம், பாதுகாக்கப்படாத சின்னங்களையும் பதிவுசெய்யும் படிவ முறையை உருவாக்கியது. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியச் சுவடி இயக்கமும் அத்தகையதே. படிவங்கள் உள்ளன; ஊர்தோறும் சென்று நிரப்புவோர் தேவை. தவளக்குப்பத்திலும் சுற்றுப்புறங்களிலும் இயங்கும் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் வரலாற்றுத் துறையும் இப்பணிக்குப் பொருத்தமானவை. முனைவர் பட்ட ஆய்வுகளில் ஊராய்வு மேற்கொள்வோர் ஏற்கெனவே கோயில், நடுகல், ஏரிமதகு, பழங்கிணறு ஆகியவற்றைக் குறிப்பெடுக்கின்றனர். அக்குறிப்புடன் நான்கு திசை ஒளிப்படம், அளவு, இருப்பிட ஆயத்தொலைவு, நாள் ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு படியைக் கொம்யூன் பஞ்சாயத்திலும் மற்றொன்றை நூலகத்திலும் வைத்தால் அது சட்டச் சான்றாகும் தகுதியைப் பெறும். படிமங்களின் பாதுகாப்புக் கருதி, அவற்றின் முழுவிவரங்களைப் பொதுவெளியில் வெளியிடாது உரிய அலுவலகத்தில் மட்டும் ஒப்படைப்பது நன்று.

முடிவுரை

புதுச்சேரி ஊரகத்தின் மரபுரிமையைக் காக்கச் சட்டங்கள் குறைவாக இல்லை. அரசமைப்பின் கடமைகள், 1958, 1972ஆம் ஆண்டுகளின் ஒன்றியச் சட்டங்கள், 2010ஆம் ஆண்டின் திருத்தம், அறநிலையச் சட்டங்கள், பன்னாட்டு உடன்படிக்கைகள் எனப் பல அடுக்குகள் உள்ளன. ஆயினும் ஒவ்வோர் அடுக்கும் பெயர், எல்லை, பதிவு ஆகிய மூன்றையும் முன்நிபந்தனையாகக் கொண்டுள்ளது. அரிக்கமேட்டில் சட்டம் வருமுன் அழிந்த சூழமைவை மீட்க இயலாது. ஸ்ரீபுரந்தான் நடராசரை மீட்க ஓர் ஒளிப்படம் பேருதவி புரிந்தது.

இவற்றின் அடிப்படையில் மூன்று பரிந்துரைகள் முன்வைக்கத்தக்கன. 100 மீட்டர், 300 மீட்டர்க் கோடுகளை நிலஅளவைப் படங்களில் குறித்து, மனை வாங்குவோர் அறியச் செய்தல். பாதுகாப்பு எல்லைக்கு வெளியேயும் பெரிய மனைப்பிரிவுகளுக்கு முன் தொல்லியல் மேற்பரப்பாய்வைக் கட்டாயமாக்குதல். எல்லையோரக் கோயில்களின் படிமப் பதிவேட்டை இரு மாநில நிருவாகங்களும் ஒரே வடிவில் பேணுதல். முதலிரண்டும் அரசு செய்யவேண்டியவை. மூன்றாவதற்கும், அதனினும் அடிப்படையான ஊர்ப்பதிவுக்கும் ஆய்வாளரின் கை தேவை. தவளக்குப்பத்தைச் சுற்றியுள்ள வயல்கள் மனைகளாகும் விரைவைக் கருதினால், அப்பதிவுக்கு எஞ்சியிருக்கும் காலம் நீண்டதன்று.